மறுபடியும் முதலில் இருந்து

“மறுபடியும் முதல்ல இருந்தா? உன் கொழுந்தனாருக்கு நிஜமாவே இந்த வேலை தெரியுமான்னு கேளு.”

அண்ணன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் மனைவியிடம் சொன்னார். கொழுந்தனார் கைக்கெட்டும் தூரத்தில், கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

“தெரியும்னு சொல்லுங்க அண்ணி,” என்றான் தம்பி.

நடுவில் நின்ற அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேருக்கும் காது கேக்குதில்ல?” என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

இருவரும் பேசிப் பல வருஷம் ஆகிறது. தங்கச்சி கல்யாணத்தில் ஆரம்பித்த வினை. அண்ணன் வாசலுக்கு யாரையோ வழியனுப்பப் போன நேரம், “லேட்டாகுது, எடுங்க சார்” என்று போட்டோகிராபரை அவசரப்படுத்தியவன் தம்பி. குடும்பப் போட்டோவில் அண்ணன் இல்லை.

“மூத்தவன் இல்லாம குடும்பப் போட்டோவாம்!” என்று அன்றைக்கு முறுக்கிக்கொண்டு போனவர்தான். அந்தப் போட்டோ சுவரில் தொங்குகிற வரைக்கும் தங்கச்சி வீட்டுக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இப்போது, வெளியூரில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசுகிற கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அண்ணிதான் போன் போட்டாள்.

“வேற ஆள் கிடைப்பாங்க தம்பி. ஆனா இதை விட்டா நீங்க இந்த வாசப்படி ஏறறதுக்கு வேற சாக்கு கிடைக்காது.”

தம்பிக்கு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. இன்றாவது போட்டோ விஷயத்தில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தான். அண்ணன் முகம் கொடுத்தால்தானே?

பெட்டியைப் பார்த்ததுமே சொல்லிவிட்டான். “உள்ளே இருக்கறது கெட்டுப்போச்சு அண்ணி. புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடணும். அரை மணி நேர வேலை.”

பென் டிரைவைச் சொருகினான்.

“தானே அணைஞ்சு தானே எழுந்திருக்கும், பயப்படாதீங்க. முதல் தடவை அணைஞ்சதும் இதைப் பிடுங்கிடணும். விட்டுட்டா, எழுந்ததும் மறுபடி இதைத்தான் பார்க்கும். ஆதியிலிருந்து ஆரம்பிச்சிடும்.”

அண்ணன் பேப்பரில் அடுத்த பக்கம் திருப்பினார்.

“டீ போடட்டுமா தம்பி?”

“வேண்டாம் அண்ணி. முடிச்சுட்டுக் கிளம்பறேன்.”

சொன்னபடியே பிடுங்கி மேஜையில் வைத்தான். கடையிலிருந்து போன். வாசலில் நின்று பேசிவிட்டு வந்தால், ‘எந்த மொழி வேண்டும்?’ என்று திரை பழையபடி முதல் கேள்வியைக் கேட்டது. பென் டிரைவ் சொருகியபடியே இருந்தது. பிடுங்கவே மறந்துவிட்டோமோ?

அப்போதுதான் அண்ணன், ‘மறுபடியும் முதல்ல இருந்தா?’ என்று கேட்டார்.

மறுபடி ஆரம்பித்தான். இன்னும் அரை மணி நேரம் சும்மா உட்காரவேண்டும். இந்தத் தடவை டீ வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அணைந்ததும் ஞாபகமாகப் பிடுங்கி வைத்தான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால், ‘எந்த மொழி வேண்டும்?’

“என்னவாம்?” என்று சுவரைக் கேட்டார் அண்ணன். சுவர் என்ன சொல்லும்?

மூன்றாம் தடவை தம்பி உஷாராகிவிட்டான். பிடுங்கி, மேஜையில் கண்ணுக்குப் படுகிற மாதிரி வைத்தான். “தண்ணி குடிச்சுட்டு வரேன்,” என்று எழுந்து, கதவு மறைவில் நின்றான்.

பேப்பர் மடிந்தது. அண்ணன் எழுந்தார். சத்தம் வராமல் நடந்து வந்து, பென் டிரைவை எடுத்து, கச்சிதமாகச் சொருகிவிட்டுப் பழையபடி போய் உட்கார்ந்தார்.

தம்பிக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு போட்டோவுக்கு இத்தனை வன்மமா? அண்ணி முன்னால் என் தொழிலையே அசிங்கப்படுத்த வேண்டுமா? மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது!

திரும்பி வந்தான். வெடுக்கென்று பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். கையைக் கட்டிக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தவன் அசையவே இல்லை. கம்ப்யூட்டர் அணைந்தது, எழுந்தது, அணைந்தது, எழுந்தது. வேலை முடிந்தது.

“அண்ணி, ஆச்சு. நான் கிளம்பறேன்,” என்று பையை எடுத்தான். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று மனசுக்குள் முடிவும் பண்ணிக்கொண்டான்.

அண்ணன் விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். அடங்கிய குரலில் உள்ளே ஒரு சண்டை கேட்டது.

“முடிச்சுட்டான்டி! அதைப் பாக்கெட்ல வேற போட்டுக்கிட்டான், இனிமே நான் எதைச் சொருகறது? நீ இன்னும் என்னத்தை உருட்டிக்கிட்டிருக்கே? இத்தனை வருஷம் கழிச்சு வந்தவன் ஒரு டீயோட போறான்!”

“அடுப்பு என்ன உங்க பேச்சைக் கேட்டா எரியுது? சாப்பிட்டுட்டுப் போடான்னு நீங்களே ஒரு வார்த்தை சொன்னா என்ன, வாய்ல முத்தா உதிர்ந்துடும்?”

“நானா? நான் எதுக்குச் சொல்லணும்?”

தம்பி அப்படியே நின்றான். பையைக் கீழே வைத்தான். பாக்கெட்டிலிருந்து பென் டிரைவை எடுத்துச் சொருகி, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டான்.

“அண்ணி! மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்குது!”



“வேலை தெரியாதவன்!” என்றது அண்ணன் குரல். “ரெண்டு தட்டா எடுத்து வை.”