பழைய இடத்துக் கவனிப்பு

“இப்பத்தானே கையைக் கழுவினே, மறுபடியும் ஏம்மா?” என்றார் ஹபீப் முகம்மது.

“கட்டிலைத் தொட்டுட்டேன் பாய்,” என்று நர்ஸ் பிரதீபா திரும்பவும் கழுவப் போனாள்.

டயாலிசிஸுக்காக அவர் கழுத்தோரம் வைத்திருக்கும் குழாயைத் திறப்பதற்குள் இருவருக்கும் மாஸ்க், அவளுக்குப் புதுக் கையுறை, மூடியை மருந்துப் பஞ்சால் பதினைந்து விநாடி தேய்ப்பது என்று ஒரு கல்யாணமே நடக்கும். அதிராம்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் அவர். அந்த நேரத்துக்குள் நாலு சேலை விற்றிருப்பார்.

“பழைய சென்டர்ல மாஸ்க்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அந்தப் பொண்ணு ஒரு கையில சமோசாவைத் தின்னுக்கிட்டே மறு கையால மாட்டிவிட்டுடும். சொந்த வீடு மாதிரி இருக்கும்.”

வாரத்துக்கு மூன்று தடவை இதையே கேட்டு பிரதீபாவுக்குக் காது புளித்துவிட்டது.

“அவ்வளவு நல்ல இடத்தை விட்டுட்டு ஏன் பாய் இங்க வந்தீங்க?”

“நானா வந்தேன்? குழாயில கிருமி ஏறி, பதினெட்டு நாள் ஐ.சி.யூ.ல கிடந்தேன். மகன்தான் பயந்துபோய் இங்க சேர்த்துட்டான். அப்பவும் அவங்களைக் குறை சொல்ல முடியாது. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா மொத்த ஸ்டாஃபும் வந்து பார்த்தாங்க.”

மாஸ்க்குக்கு மேலே தெரிந்த அவர் கண்களில் ஆறாத மனத்தாங்கல் இருந்தது.

“இங்க சேர்ந்தும் ஆறு மாசம் ஆகுது. நீங்க ஒருத்தராவது ஐ.சி.யூ.க்கு வந்து என்னைப் பார்த்திருப்பீங்களா?”