ஊர்ந்து போன கார்

“இப்படி ஊர்ந்தா ஆராதனை முடிஞ்சப்புறம்தான் போய்ச் சேருவோம்!” காரில் அம்மா அலுத்துக்கொண்டார்.

“வளைவு வருதும்மா” என்றான் ஓட்டியவன்.

“நம்ம சின்னவன் சைக்கிள்லயே, பாடிக்கிட்டே, இதைவிடச் சீக்கிரமாப் போயிடுவான்.” அம்மா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

தேவாலயத்தில் கடைசி பெஞ்சுக்கு நழுவியவனை இழுத்துவந்து, முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“இது சின்னவன் இடம்மா...”

“அதுக்கு? எத்தனை வருஷம் காலியாவே கிடக்கும்?”

புதிதாக வந்திருந்த போதகர் கேட்டார்: “உங்க மகனாம்மா?”

“ஆமாங்க ஐயா.”

அவன் எழுந்துவிட்டான். “இல்லைங்க ஐயா. இவங்க மகன் செத்ததே அந்த வளைவுல, என் லாரியில அடிபட்டுத்தான்.”

அம்மா அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். பாட்டுப் புத்தகத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

“ஆமான்னு ஐயாகிட்ட சொல்லிட்டேன்ல? பாடு. சின்னவன் சத்தமாப் பாடுவான்.”