பெட்டிக்குள் இருக்கும் தலை

மூன்றாம் முறையும் ரப்பர் பொம்மை செத்தது.

ரத்தம் பீறிட்டால் ஆபரேஷன் செய்யும் ரோபோவின் கைகளை உடனே வயிற்றிலிருந்து கழற்ற வேண்டும். அதற்கு முதலில் டாக்டர் ஷவ்கத் நிறுத்த வேண்டும். அவரோ மூலையிலிருந்த பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து ரோபோவை ஓட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் யாரும் பேசுவதில்லை. முகக்கவசத்துக்கு மேலே தெரியும் அவர் கண்ணைப் பார்த்தே நர்ஸ் இன்ஷிராஹ் கத்தரியை நீட்டுவாள். மயக்க மருந்து டெக்னீஷியனான நான் அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் மூச்சே விடுவேன்.

இப்போது கண் பெட்டிக்குள் போய்விட்டது.

“கத்துங்க” என்றார் பெய்ரூத்திலிருந்து வந்த பயிற்சியாளர் நஜ்வா. “பொம்மைதானேம்மா, என்ன பயம்?”

“பொம்மைக்குக் காது இல்ல மேடம். பாஷாவுக்கு இருக்கு” என்றாள் இன்ஷிராஹ். டாக்டரை நாங்கள் பாஷா என்றுதான் கூப்பிடுவோம்.

சிரித்தோம். பெட்டிக்குள்ளிருந்து சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை இதே மேசையில் நிஜமாக ஒருத்தி படுக்கப்போகிறாள். தஹானி. கருப்பையில் கட்டி. எங்கள் ரோபோவுக்கு முதல் நோயாளி.

நான்காம் முறை பொம்மையின் வயிற்றில் சிவப்புத் தண்ணீர் பொங்கியது. இன்ஷிராஹ் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள்.

“நிறுத்துங்க பாஷா! ரத்தம்!”

ரோபோவின் கைகள் நிற்கவில்லை. மறுபடியும் கத்தினாள். போட்டுக்கொண்டிருந்த தையல் முடிந்த பிறகுதான் நின்றன.

டாக்டர் தலையை வெளியே எடுத்தார். “முதல்லயே கேட்டுச்சு. என்ன, மீன் சந்தையிலயா நிக்கிற? எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்.”

குழு தேறிவிட்டது என்றார் நஜ்வா. சோதனை எங்களுக்குத்தான். டாக்டருக்கு இல்லை.

காலையில் தஹானியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மயக்கம் கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். ஏதாவது சாப்பிட்டாளா என்று வழக்கம்போலக் கேட்டேன்.

“இப்பத்தான் ரொட்டியும் பயறும் தின்னேன் தம்பி. நர்ஸம்மாதான் ஊட்டிவிட்டாங்க. தெம்பு வேணுமாம்.”

இன்ஷிராஹ் கத்தரிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பசி தாங்காமல் தின்றுவிட்டாளாம், இன்று மயக்கம் கொடுக்க முடியாது என்று டாக்டரிடம் சொன்னேன். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை.

அவர் கோபப்படவில்லை. “அடுத்த ஆளைக் கொண்டு வா” என்றார், பெட்டியை விட்டு எழாமலே.

மாடியிலிருந்து இன்னொருத்தியை இறக்கினார்கள். சின்ன வயசு. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

கேட்டேன்.

அவள் எதுவுமே சாப்பிட்டிருக்கவில்லை.