பச்சை விளக்கு எரியாத சார்ஜர்

"முழுசா ஏறினதும் பச்சை விளக்கு எரியாத சார்ஜர் ஏதாவது இருக்கா அண்ணே?"

பேட்டரிக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பல் டாக்டர்தான். இரண்டே இருக்கை உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர். மாதத்துக்கு ஒரு தடவைதான் அதை வெளியே எடுப்பார். ஒரே வருஷத்தில் மூன்று பேட்டரிகளைச் சாகடித்தாயிற்று. இன்றைக்கு நாலாவதுக்கு வந்திருக்கிறார்.

கடைக்காரர் மறுபடியும் பாடம் எடுத்தார். இந்த மாதிரி கார் சும்மா நின்றாலும் அலாரமும் கடிகாரமும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். அதற்காகத்தான் முதல் பேட்டரியோடேயே பராமரிப்பு சார்ஜர் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் ஏற்றும் குளுக்கோஸ் மாதிரி அது சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை எரிந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் அணைக்கக் கூடாது.

டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

எடை குறைந்த லித்தியம் பேட்டரியைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். ஸ்போர்ட்ஸ் கார்காரர்கள் அதைக் கண்டால் விடமாட்டார்கள். டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வழக்கமான மூடிய ரகமே போதும் என்றார். சார்ஜரில்தான் இழுபறி. நாலு வகை காட்டியாயிற்று. ஒன்று செல்போனுக்குச் செய்தி அனுப்பும். ஒன்று குளிர், வெயில் பார்த்துத் தானே அளவை மாற்றிக்கொள்ளும். டாக்டர் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி விளக்கை மட்டும் தேடினார்.

"பச்சை விளக்கு உங்களை என்ன பண்ணுது டாக்டர்?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. ஸ்விட்சை அணைச்சா விளக்கு மட்டும் அணையணும். சார்ஜ் அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கணும். வெளியில தெரியக் கூடாது."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. ஒளித்து இழுக்கும் கம்பிக்குப் பின்னால் நல்ல காரணம் இருந்து அவர் பார்த்ததில்லை. யார் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார் இந்த மனுஷன்? நேரில் பார்த்துவிடுவோம் என்று புது பேட்டரியையும் ஒரு சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்குக் கிளம்பினார்.

கார் ஷெட்டில் டாக்டரின் சித்தப்பா நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா.

"நல்ல பேட்டரியா போடுங்க தம்பி. போன மூணும் உதவாக்கரை" என்று கடைக்காரரிடமே சொன்னார். "இவன் சார்ஜரை மாட்டிட்டுப் போனா போனதுதான். பச்சை வந்ததும் நான்தான் அணைக்கிறேன். இல்லேன்னா இந்த வீட்டுல கரண்ட் ஆறா ஓடும்."

கடைக்காரர் வாயைத் திறந்தார். டாக்டர் அவசரமாக, "சித்தப்பா, அண்ணனுக்கு ஒரு காபி சொல்லுங்களேன்" என்றார்.

பெரியவர் உள்ளே போனதும் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை அவர்கிட்ட சொன்னா முடிஞ்சது. பெரிய மனுஷனை ஏமாத்தற வேலைக்கு நான் ஆள் இல்ல டாக்டர்."

டாக்டர் காரில் சாய்ந்துகொண்டு சொன்னார். சித்தப்பா முப்பது வருஷம் வீடு வீடாக நடந்து மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். அப்பா இல்லாத பிள்ளையை அந்தக் கால்களால்தான் டாக்டராக்கினார். ஓய்வு பெற்றபின் வற்புறுத்தி இங்கே கூட்டி வந்தால், சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று இரண்டு தடவை பெட்டியைக் கட்டிவிட்டார். அப்புறம் அவராகவே விளக்கு, மின்விசிறி, மோட்டார் என்று ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார். அதுதான் இந்த வீட்டில் தன் வேலை என்று வைத்துக்கொண்டார். பெட்டி பரணுக்குப் போனது.

"மூணு பேட்டரியையும் நீங்கதான் சாகடிச்சீங்கன்னு அவர்கிட்ட சொன்னா, நாளைக்கே பெட்டி கீழ இறங்கிடும் அண்ணே."

கடைக்காரர் பையைத் திறந்தார். டெஸ்டரை எடுத்தார்.

காபி வருவதற்குள் புது பேட்டரி காருக்குள்ளும் புது சார்ஜர் அலமாரிக்குப் பின்னாலும் போய்விட்டன. சார்ஜருக்கு ஸ்விட்ச் இல்லாத நேர் இணைப்பு. சுவரில் தொங்கிய பழைய சார்ஜர் கூட்டுக்குள் வெறும் பச்சை பல்பு. ஸ்விட்ச் அதற்கு மட்டும்.

பெரியவர் வந்து பார்த்தார். "இன்னைக்கு சீக்கிரமே ஏறிடுச்சே" என்று சொல்லிக்கொண்டே ஸ்விட்சை அணைத்தார். பச்சை போயிற்று. பழக்கதோஷத்தில் ஷெட்டின் தனி மீட்டர் முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். கடைக்காரர் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாம் சரியா இருக்கா சித்தப்பா?"

"இருக்குடா."

"நீங்க இருக்கிறதாலதான் வீடு ஒழுங்கா நடக்குது."

"தெரிஞ்சா சரி" என்றார் பெரியவர்.

கடைக்காரர் பைக்கை எடுக்கும்போது அவரும் கேட் வரை கூடவே வந்தார்.

"தம்பி, நான் மீட்டர் பார்த்தவன். ஸ்விட்சை அணைச்சப்புறமும் ஷெட்டு மீட்டர் கண் சிமிட்டுது, கரண்ட் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

கடைக்காரர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார்.

"போன மூணும் செத்தது என்னாலதானா?"

கடைக்காரர் ஹெல்மெட்டைத் துடைத்தார். பெரியவருக்கு அது போதுமாக இருந்தது.

திரும்பி ஷெட்டைப் பார்த்தார். அங்கே டாக்டர், அலமாரிக்குப் பின்னால் கம்பி ஏதும் வெளியே தெரிகிறதா என்று முட்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி. என்னை இங்க வச்சுக்க இவ்வளவு பாடுபட்டிருக்கான். நான் தினமும் வழக்கம்போல வந்து அணைச்சிடறேன்."