பகவதியின் ஜோடி

விசில் சத்தம் கேட்டதும் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். ஆளாளுக்குத் தன் ஜோடியின் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். பகவதி மட்டும் இன்றைக்கும் தனியாகத்தான் நின்றாள்.

விசில் ஊதிய ஹேமாம்புஜம் டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை கேம்ப். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை முயல்தீவுக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கூடாரம் அடித்து, ஒரு ராத்திரி தங்கவைக்கப் போகிறார்கள். கூடாரம் வாடகைக்குச் சொல்லியாச்சு. விறகு, டார்ச் லைட், தக்காளிச் சாதம் எல்லாம் முடிவாகிவிட்டது. இந்த ஒரு பிள்ளை விஷயம்தான் இழுத்துக்கொண்டே கிடந்தது.

ஜோடி சேர்ப்பது பெரிய சார் ஆறுமுகநயினாரின் ஏற்பாடு. கடல் பக்கத்திலேயே கிடக்கிறது, விளையாட்டுக் காரியமா? எங்கே போனாலும் இரண்டு இரண்டு பேராகத்தான் போகணும், விசில் ஊதினால் ஜோடியின் கையைத் தூக்கிக் காட்டணும். பிரேயரில் மைக்கைப் பிடித்துக் கண்டிஷனாகச் சொல்லிவிட்டார்.

"ஜோடி இல்லாத ஆளு வேன்ல ஏறக் கூடாது. அது யாரா இருந்தாலும் சரி."

வகுப்பில் இருப்பது இரட்டைப்படை. ஒழுங்காகச் சேர்ந்தால் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். ஆனால் அந்தக் கோடியில் மூன்று பெண்பிள்ளைகள் ஒன்றாகக் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். பகவதியைச் சேர்ப்பதற்கு மூன்று பேராக ஒட்டிக்கொள்வதே தேவலை என்று நினைத்துவிட்டார்கள் போல.

டீச்சர் அவர்களிடம் போய், உங்களில் ஒருத்தி பகவதியோடு சேர்ந்துகொண்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள்.

"அவதான் வர மாட்டேங்கா டீச்சர்" என்றாள் அதில் ஒருத்தி, விஷ்ணுப்ரியா.

ஆமாமா, பிள்ளைகளுக்குச் சாக்குச் சொல்லக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்? டீச்சர் வந்த கோபத்தை முழுங்கிக்கொண்டாள்.

பகவதியோ அழவும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் செய்வதுபோல மெதுவாக நடந்துவந்து டீச்சரின் சேலையை ஒட்டி நின்றுகொண்டாள். அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை.

எப்படித் தாங்கும்? யாரும் சேர்த்துக்கொள்ளாமல் ஓரமாக நிற்கிற வேதனை அவளுக்குத் தெரியாததா என்ன. ஆழ்வார்திருநகரியில் அப்பா அம்மா இருந்தவரைக்கும் வீடு என்று ஒன்று இருந்தது. இப்போது தூத்துக்குடியில் ஒற்றை அறை, ராத்திரிக்கு அரை டம்ளர் அரிசி. அதிலும் பாதி மிஞ்சித் தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது யாருக்காவது ஞாபகம் வந்து கூப்பிட்டால் உண்டு. போன வருஷம் எட்டயபுரத்துக்கு டூர் போனபோதுகூட மற்ற டீச்சர்கள் எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள், இவள் கடைசி சீட்டில் தண்ணீர்க் கேனைப் பிடித்துக்கொண்டு போய்வந்தாள். ஐம்பது வயதுக்காரிக்கே அன்றைக்கு அழுகை முட்டியது. எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

பெரிய சார் வந்து பார்த்தார். தனியாக நிற்கிற பிள்ளையை நம்பிக் கடற்கரைக்குக் கூட்டிப்போக முடியாது, அவள் அடுத்த தடவை வரட்டும், வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். சொன்னதோடு முடிந்தது என்று திரும்பியும் விட்டார்.

அவர் பேச்சை ஒருநாளும் தட்டாத ஹேமாம்புஜம் டீச்சர், இரண்டு எட்டு வைத்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"அவளுக்கு நான் ஜோடி சார்."

பெரிய சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்படியானால் கேம்ப் முடிகிற மட்டும் அந்தப் பிள்ளையை விட்டு நகரக் கூடாது, கூடாரத்திலும் பக்கத்திலேயே படுக்க வேண்டும், மற்ற பிள்ளைகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆயிரம் கண்டிஷன் போட்டார். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். போகட்டும் என்று அவரும் சம்மதித்தார்.

பெல் அடித்துப் பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள். டீச்சர் பகவதியை மட்டும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். குனிந்து அவள் கையைப் பிடித்தாள். இந்தக் கையைப் பிடிக்கத்தானா இத்தனை பிள்ளைகளுக்கும் மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"யாரும் உன்னைச் சேத்துக்கலைன்னு வருத்தப்படாத கண்ணு. நான் உன் ஜோடி. சார்ட்ட சொல்லியாச்சு."

பகவதியின் முகம் அப்படியே மலர்ந்தது. "நிசமாவா டீச்சர்? சார் சரின்னுட்டாங்களா?"

"சரின்னுட்டார். இனி உனக்குக் கவலையே வேண்டாம்."

"எனக்கென்ன கவலை?" பகவதிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னைய எல்லாருந்தான் கூப்பிட்டாங்க. விஷ்ணுப்ரியா அழக்கூடச் செஞ்சா. நாந்தான் வரலைன்னுட்டேன்."

டீச்சர் பிடித்த கையை விடாமல் அவளையே பார்த்தாள். "ஏன்?"

"ஜோடி இல்லாத ஆளை வேன்ல ஏத்த மாட்டேன்னு சார் சொன்னாங்கல்லா? உங்களுக்குத்தான் யாருமே இல்லையே டீச்சர்."