பொம்மையின் நெஞ்சு

உப்புப் படிந்த யன்னல் கண்ணாடியால் துறைமுகத்து வெயில் பயிற்சி அறைக்குள் விழுகிறது. தாதி மாணவி நஸ்மிலா முழங்காலில் நின்று, தரையில் கிடத்திய றப்பர் பொம்மையின் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்துகிறாள். போதிய ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மைக்குள் 'டிக்' என்று கேட்கும். ஒவ்வொரு தடவையும் கேட்கிறது. "ஆழம் சரி பிள்ளை," என்கிறார் பயிற்சி தரும் மிஸ். போன மாதம் கிண்ணியாக் கரையில், கடலிலிருந்து தூக்கிவந்த வாப்பாவின் நெஞ்சையும் இப்படித்தான் அழுத்தினாள். எவ்வளவு அழுத்தியும், முதல் வகுப்பில் பொம்மையில் கேட்ட அந்தச் சத்தம் வரவில்லை. பிழையாகச் செய்கிறோம் என்று பயந்து கையை எடுத்துவிட்டாள். "மிஸ், ஆக்கள்ற நெஞ்சிலயும் இந்தச் சத்தம் கேக்குமா?" மிஸ் சிரிக்கிறார். "அதெப்படிக் கேக்கும்? இது பொம்மைக்குள்ள பூட்டியிருக்கிற ஸ்பிரிங்." முப்பது அழுத்தமும் எண்ணியாகிவிட்டது. "காணும், இனி மூச்சுக் குடுங்க," என்கிறார் மிஸ். நஸ்மிலா கையை எடுக்கிறாளில்லை.