ஈர வரப்பில் பூட்ஸ் கால்

சுனாமி வந்து நாலு மாதம் ஆகிறது. மரக்காணம் உப்பளத்தில் பகல் பதினொரு மணி வெயில் பாத்தி பாத்தியாகக் கண்ணைக் குத்துகிறது. உப்பு ஆபீஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வந்தவன், நிவாரணத்துக்குப் பதிய வேண்டுமென்று உப்பளப் பெண்களிடம் வாங்கிய பதின்மூன்று ரேஷன் கார்டுகளையும் தோல்பைக்குள் திணித்துக்கொண்டு வரப்பில் விறுவிறுவென்று நடக்கிறான். பின்னால் வரும் உப்பளத் தொழிலாளி மலர்கொடியின் கண் அவன் காலிலேயே நிற்கிறது. பூட்ஸ் அழுந்தி ஈர வரப்பு உதிர்கிறது. வெள்ளை உப்பில் சேறு கரைகிறது. அந்த ஆபீஸிலிருந்து எவர் வந்தாலும் கரையிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். இவன் அங்கிருந்து வந்தவனில்லை. மலர்கொடி எட்டி நடந்து அவனை நெருங்குகிறாள். "சார், பூட்ஸ கழட்டிட்டு நடங்க. உப்பு கெட்டுப்போவுது." அவன் திடுக்கிட்டு நிற்கிறான். "ஓ... மறந்துட்டேம்மா." "பைய குடுங்க, நான் புடிச்சிக்கிறேன்." கொடுத்துவிட்டுக் குனிகிறான். ஒரு கயிறு அவிழ்கிறது. மலர்கொடி பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுற்றிலும் வேலை செய்யும் பெண்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைக்கிறாள். பலகையால் உப்பு வாரும் சத்தம் பாத்திக்குப் பாத்தி நின்றுபோகிறது. பலகையோடு ஒவ்வொருத்தியாக வரப்பில் ஏறுகிறாள். அவன் இன்னும் நிமிரவில்லை. இரண்டாவது முடிச்சு இழுக்க இழுக்க இறுகுகிறது.